மஞ்சள் போட்ட இறால் கோது

இறால் உரிச்ச கோதிலயிருந்து ஜெல்லி செய்யிறன் எண்டு அப்பாவுக்குச் சொன்னது என்ட பிழைதான். "அதுக்குள்ள குருத்தெலும்பு வளருதா எண்டு பாக்கப் போறம்" எண்டும் சேத்துச் சொல்லிப்போட்டன். ரெண்டு முழங்காலிலயும் குருத்தெலும்பு தேஞ்சு, தோணியால இறங்கேக்க "ஐயோ அம்மா" எண்டு கத்துற மனிசனுக்கு இதைப் போய்ச் சொல்லலாமா?

அதுக்குப் பிறகு சனிக்கிழமை தவறாம எங்கட ஊர் பழுகாமத்திலயிருந்து பஸ்ஸில ஒரு பை வரும். அப்பா குந்தியிருந்து தன்ட கையால உரிச்ச கோது. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில அதை அமிலத்தில ஊறவைச்சு, காரத்தில அவிச்சு, கழுவிக் காயவைச்சா வெள்ளை மா வரும். கைட்டோசான் எண்டு பேர். அதைக் கரைச்சுப் பக்குவமா உடம்புச் சூட்டில வைச்சா ஜெல்லியா உறையும். இறைச்சிக் கடையில வாங்கின ஆட்டு முழங்காலிலயிருந்து எடுத்த குருத்தெலும்பு உயிர்க்கலங்களை அதுக்குள்ள விட்டு, உயிரோட கிடக்கா எண்டு பாக்கிறதுதான் என்ட வேலை. மனிசன்ட கால் அங்கயிருந்து எவ்வளவோ தூரம்.

மூண்டாவது பையில வந்த கோதில செய்த மா மஞ்சளா வந்திச்சு. நாலுதரம் கழுவியும் போகேல்ல. நிறம் மாறுறதை வைச்சுத்தான் கலம் உயிரோட இருக்கா எண்டு பாக்கிற. மஞ்சளுக்குள்ள என்னத்தைப் பாக்க? அப்பாவுக்குப் போன் எடுத்தன்.

"பஸ்ஸில நாத்தம் எண்டு ஆக்கள் ஏசுறாங்க புள்ள. அதான் உப்பும் மஞ்சளும் போட்டுப் பிரட்டிவிட்டன்" எண்டார், பெருமையா.

கறிக்குப் பிரட்டுற மாதிரி! மிளகாய்த்தூள் போடாம விட்டாரே, அதுவே புண்ணியம்.

அந்தக் கோவத்தோடயே வீட்டுக்குப் போனா, அம்மா வாசலிலயே அடுத்த குண்டைப் போட்டா. முழங்கால் ஒப்பரேசனுக்கு ஆஸ்பத்திரியில குடுத்த நாளுக்கு அப்பா போகேல்லயாம். விடிய வலையை எடுத்துக்கொண்டு வாவிக்குப் போயிட்டாராம். மகள் மருந்து செய்யிறாள் எண்டு ஊரெல்லாம் கதையும் சொல்லியிருக்கிறார்.

எனக்கு விசர் வந்திச்சு. "அது உங்களுக்கில்ல அப்பா! உங்கட காலத்தில அது வராது!" எண்டு கத்திப்போட்டன். சொன்ன உடனே நாக்கைக் கடிச்சன்.

"தெரியும் புள்ள" எண்டார், முழங்காலைத் தடவிக்கொண்டு.

"தெரிஞ்சா ஏன் போகேல்ல?"

"வெட்டி இரும்பு வைச்சா குந்தப்படாதாம். குந்தாம அந்தத் தோணியில என்னெண்டு வலை இழுக்கிற?"

குருத்தெலும்பைப் பத்தி இவ்வளவு படிச்ச நான் இதை ஒருநாளும் அவரிட்டக் கேக்கேல்ல. வெக்கமா இருந்திச்சு. அடுத்தநாளே ஆஸ்பத்திரிக்குப் போய், கெஞ்சி மண்டாடி வேற நாள் எடுத்து அப்பாவிட்டச் சொன்னன்.

சனிக்கிழமை திரும்பவும் பை வந்திச்சு. மஞ்சள் இல்ல, நாத்தமெண்டா நாத்தம், கொண்டக்டர் என்னைப் பிடிச்சு ஏசினார். மா வெள்ளையா வந்திச்சு, கலங்களும் உயிரோட இருந்திச்சு. போனில சொன்னன். அப்பாவுக்குச் சரியான சந்தோசம்.

"அப்ப அந்த ஆடாவது இனிக் குந்துமா?"

"ஆடு குந்துறதில்ல அப்பா!"

சிரிச்சார். ஆஸ்பத்திரிக்கு வாறன் எண்டு மட்டும் சொல்லேல்ல.