அத்தான் கைகாட்டிய கரு

எங்கள் அத்தானுக்குக் குறை கண்டுபிடிப்பதற்கே சம்பளம். பீங்கான் கோப்பைத் தொழிற்சாலையில் கடைசி மேசை அவருடையது. சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு கோப்பையையும் விளக்குக்கு நேரே தூக்கிப் பார்ப்பார், விரலால் சுண்டுவார், காதருகே வைத்துக் கேட்பார். 'ணங்' என்றால் பெட்டிக்குள். 'டொக்' என்றால் குப்பைத் தொட்டிக்குள். முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்றே, காபியைக் குடிக்குமுன் கோப்பையைச் சுண்டிப் பார்த்த மனிதர். "இவரையா கட்டிக்கப் போற?" என்று அக்காவைக் கேட்டேன். அவள் வெட்கப்பட்டாள். சரி, விதி யாரை விட்டது!

சுண்டிப் பார்க்காமல் அவர் ஏற்றுக்கொண்டது தன் மகளை மட்டும்தான். வாய் ஓயாதவள் என்பதால் அவளுக்குச் சில்வண்டு என்று பெயர் வைத்தவள் நான். அத்தான், அக்கா இருவர் உடம்பிலும் சத்தமில்லாமல் பாதிப் பாதியாக இருந்த தலசீமியா என்ற ரத்த நோய், அவளிடம் முழுதாக வந்து சேர்ந்துவிட்டது. மாதாமாதம் ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்ற வேண்டும். ஊசி குத்தும்போது அவள் அழமாட்டாள். வராந்தாவில் நின்று அத்தான் அழுவார்.

அடுத்த பிள்ளைக்கும் வந்துவிடுமோ என்ற பயத்தில் அக்கா தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு டாக்டரம்மா வழி சொன்னார். ஆய்வகத்தில் கருவை உருவாக்கி, சோதித்து, அந்த நோய் இல்லாததை மட்டும் வயிற்றில் வைக்கலாம். சோதித்துப் பொறுக்குவது என்றதும் அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் தொழிலாயிற்றே!

"அப்படியே காதையும் கொஞ்சம் பாத்துக்குங்க டாக்டர். என்னுது மாதிரி விரிஞ்சு நிக்க வேண்டாம். நல்ல உயரம், கணக்கு நல்லா வரணும்..." துணைக்குப் போயிருந்த என்னைத் திரும்பிப் பார்த்தார். "இவ வாய் மட்டும் வேண்டவே வேண்டாம்."

"சார், கடையில துணி எடுக்கற மாதிரி இல்ல இது" என்றார் டாக்டரம்மா. "அந்த ஒரு நோய் இருக்கா, இல்லையான்னு மட்டும்தான் நாங்க பாப்போம். காதெல்லாம் நீங்க குடுக்கறதுதான்."

அத்தான் முகம் தொங்கிப்போயிற்று. "இருக்கட்டும் அத்தான், கண்ணாடி மாட்ட உதவும்" என்று ஆறுதல் சொன்னேன்.

கருக்கள் தயாரானதும் கம்ப்யூட்டர் திரையில் காட்டினார்கள். மூன்று இருந்தன. அத்தான் மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார்.

"இதுதான். நல்ல உருண்டை, ஓரம் சுத்தமா இருக்கு. அதோ அந்தக் கோணலைத் தள்ளிடுங்க."

"பாத்தா தெரியாது சார். ரிசல்ட் வரட்டும்."

"என் கண்ணு தப்பாது" என்று என்னிடம் கிசுகிசுத்தார். மறுநாள் தொழிற்சாலை முழுக்க, வீட்டிலும்கூட, அந்த உருண்டையின் அழகைப் பற்றித்தான் பேச்சு.

ரிசல்ட் வந்தது. மூன்றில் இரண்டுக்கு நோய். அத்தானின் உருண்டையும் அதில் ஒன்று. நோயே இல்லாதது அந்தக் கோணல்தான். அக்கா சந்தோஷத்தில் விம்மி விம்மி அழுதாள். கிடைத்த வாய்ப்பை நான் விடுவேனா? சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தேன். "என்ன அத்தான், உங்க கண்ணே 'டொக்' ஆயிடுச்சா?"

எல்லாரும் சிரித்தோம். சில்வண்டு சிரிக்கவில்லை.

"அப்பா, அந்த உருண்டைக்கு எனக்கு இருக்கறதுதானா?"

"ஆமாண்டா கண்ணு."

"அதை வைக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ என்னையும் டெஸ்ட் பண்ணியிருந்தா?"

என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அக்கா கையில் கரண்டி அப்படியே நின்றது.

"வேண்டாம்னுதான் சொல்லியிருப்பாங்க" என்றார் அத்தான். பிள்ளையிடம் சொல்கிற பதிலா இது? எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"திரையில மூணு இருந்துச்சா? யாரும் எதுவும் சொல்றதுக்கு முன்னாடி, நான் வேணும்னு கை காட்டினது எதை?"

அவள் யோசித்தாள். "உருண்டையை."

"அப்புறம் என்ன?"

சில்வண்டு மெல்ல எட்டி, அப்பாவின் விரிந்த காதை விரலால் ஒரு சுண்டு சுண்டினாள். தலையைச் சாய்த்து, அவரைப் போலவே உன்னிப்பாகக் கேட்டாள்.

"டொக்குதான்" என்றாள். "பரவாயில்ல, வெச்சுக்கலாம்."