ஈக்குத் திசை பார்க்கும் அண்ணி

லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் அண்ணி இடப்பக்கம் திரும்புவார். வீடு இருப்பது வலப்பக்கம். குடிவந்து ஏழு மாதமாகிறது. பக்கத்து வீட்டு மணியை அழுத்திவிட்டு, கதவு திறந்ததும், "சும்மா உங்களைப் பாத்துட்டுப் போலாம்னுதான்" என்று சமாளிப்பார். அந்த அம்மாளும் இவரை மகா பாசக்காரி என்று நம்பிக்கொண்டிருக்கிறார்.

இத்தனைக்கும் அண்ணியின் உத்தியோகம், ஈக்கு எப்படித் திசை தெரிகிறது என்று ஆராய்வது. எள்ளளவு பழ ஈ ஒன்றைத் தலை அசையாதபடி பொருத்தி, காற்றில் மிதக்கும் குட்டிப் பந்தின்மேல் நடக்கவிடுவார். சுற்றிலும் வளைந்த திரை. ஈ திரும்பினால் திரையில் காட்சியும் திரும்பும். கூடவே அதன் மூளைக்குள் திசைகாட்டி முள்போல ஒரு வெளிச்சப் பொட்டு வளையமாக நகர்வதை நுண்ணோக்கியில் பார்க்கலாம்.

"புது இடம்னா அதுவும் தடுமாறும் தம்பி. நாலு சுத்து சுத்தினா எது எங்க இருக்குன்னு மனசுல பதிஞ்சிடும். ரெண்டு பக்கமும் ஒரே படம் வெச்சாதான் பாவம், குழம்பிடும்" என்பார், பெற்ற பிள்ளையைச் சொல்வதுபோல.

"அந்த ஈயைத் துணைக்குக் கூட்டிட்டுப் போயேன்" என்பது அண்ணன் தினமும் சொல்லும் யோசனை.

போன மாதம் அண்ணனுக்குக் குடலிறக்க ஆபரேஷன். ரத்தப் பரிசோதனை முடிவை வாங்கிவரக் கீழே போன அண்ணி முக்கால் மணி நேரமாகியும் திரும்பவில்லை. போனும் அவர் கைப்பையோடு என் மடியில். ஆபரேஷனுக்குக் கொண்டுபோக அண்ணனைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்துவிட்டார்கள். மற்ற நாளெல்லாம் கேலி பேசும் அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அவ வரட்டும். பாத்துட்டுத்தான் உள்ள வருவேன்" என்று வண்டியின் பக்கக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு மாடி கீழே அண்ணி, இருபுறமும் ஒரே நீலக் கதவுகளாக நீண்ட நடைவழியின் நடுவில் நின்று, இடம் பதியட்டும் என்று மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தாராம். அவ்வழியே வந்த நர்ஸ், "தலை சுத்துதாம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்லம்மா, நான்தான் சுத்தறேன்."

நர்ஸ் உடனே போய்ச் சக்கர நாற்காலியைக் கொண்டுவந்துவிட்டார்.

நடைவழி முனையில், மடியில் பரிசோதனைத் தாளுடன் அண்ணி உருண்டு வந்தார். அண்ணன் கம்பியை விட்டுவிட்டு, அந்தக் குறுகிய வண்டியிலேயே சற்று ஓரமாக நகர்ந்து, அண்ணிக்கும் இடம் விட்டார்.