பலகைச் சத்தம் கேட்டு முட்டை வைத்தவர்

இரண்டு நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடப் போகிறவர்களை ஒருவர் எவ்வளவு தூரம் கவனித்துக்கொள்ள முடியும்? பெற்ற பிள்ளை, கூடப் பிறந்தவர் என்றால் இந்தக் கேள்வியே எழாது. முன்பின் தெரியாதவர்களை, திரும்பி வருவார்கள் என்று உறுதியும் இல்லாதவர்களை? கடமையைப் பற்றியும் அன்பைப் பற்றியும் தடித்த புத்தகங்கள் கொஞ்சம் படித்திருக்கிறேன். அவற்றில் எனக்குத் திருப்தியான பதில் கிடைத்ததில்லை. கடலோரக் கிராமம் ஒன்றில், காலை உணவோடு அறை வாடகைக்கு விடும் பழைய வீட்டில், ஒரு அம்மாள் இருபத்தாறு வருடமாக இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளாமலே வேலை பார்த்துவந்தார்.

எல்லோரும் அவரை வீட்டம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். கல்யாணத்துக்கு முன்பு ஆறு வருடம் தொலைபேசி நிலையத்தில் இணைப்பு கொடுக்கும் வேலை பார்த்தவர். காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், எந்த முனையில் யார் இருமினாலும் ஆள் தெரிந்துவிடுமாம். கணவர் இறந்த பிறகு, மாமனார் தொடங்கிய விடுதியை இவரே ஏற்று நடத்தினார். கூட இருந்தவர் கணவரின் தம்பி. தச்சர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், வாய் ஓயாதவர்.

அந்த வீடு நூற்றறுபது வருடத்துக்கு முன் சுங்க அதிகாரிகள் தங்குவதற்காகக் கட்டப்பட்டது. மூட்டைகளை எடை போட்ட இரும்புக் கொக்கி சாப்பாட்டு அறை உத்தரத்தில் இன்னும் தொங்குகிறது. அதில் தலையை இடித்துக்கொள்ளாமல் யாரும் முதல் நாள் காலை உணவு சாப்பிட்டதில்லை. மாடியில் நான்கு அறைகள். அவற்றின் தரை, உடைந்த கப்பல்களிலிருந்து எடுத்த பலகைகளால் ஆனது. ஒன்று ஒரு சாண் அகலம், பக்கத்தில் இருப்பது இரண்டு சாண். ஒன்றை மிதித்தால் முனகும், இன்னொன்று பட்டென்று வெடிக்கும். நேர் கீழே சமையலறை.

முதல் முறை நான் அங்கே போனது மூன்று நாள் நிம்மதியாகப் படிப்பதற்காக. நடந்துகொண்டே யோசிக்கிற பழக்கம் எனக்கு. மறுநாள் காலை உணவுக்கு இறங்கியபோது வீட்டம்மா இடுப்பில் கைவைத்து நின்றார்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? நீங்க எந்திரிச்சீங்களா, எந்திரிக்கலையா?"

"அஞ்சு மணிக்கே எந்திரிச்சுட்டேனே."

"அது தெரியும். சட்டை மாட்டுற கொக்கிகிட்ட வந்தீங்க, முட்டையைத் தண்ணியில போட்டேன். திரும்பிக் கட்டிலுக்குப் போயிட்டீங்க. மறுபடி கொக்கி, இன்னொரு முட்டை. இப்படி மூணு முட்டை கல்லாப் போச்சு."

"அந்த மூணு கல்லையும் நான்தான் சார் தின்னேன்," என்றார் தச்சர். "நாளைக்குக் கொஞ்சம் கம்மியா யோசிங்க, புண்ணியமாப் போகும்."

அப்போதுதான் விஷயம் புரிந்தது. கட்டிலிலிருந்து முகம் கழுவும் தொட்டி, அங்கிருந்து சட்டைக் கொக்கி, பிறகு கதவு. எல்லா விருந்தாளிகளும் அந்த வரிசையில்தான் நடப்பார்கள். கொக்கிக்குக் கீழே உள்ள பலகை பேசினால் முட்டை தண்ணீருக்குள் போகும். தொட்டியருகே ஆள் அதிக நேரம் நின்றால் ரொட்டி கொஞ்சம் தாமதிக்கும். இறங்கி வருகிறவர் உட்காரும்போது எல்லாம் சூடாக இருக்கும். இது எப்படி நடக்கிறது என்று விருந்தாளிகள் யாருக்கும் தெரியாது, அவரும் சொன்னதில்லை. என் முட்டைகள் வீணாகியிருக்காவிட்டால் எனக்கும் தெரிந்திருக்காது.

ஆனால் அன்று அதை ரசிக்கும் மனநிலை எனக்கு இல்லை. அடி எடுத்து வைத்தால் தரை அலறுகிறது, இதில் எப்படி யோசிப்பது? பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் துறை ஒவ்வொரு அறையிலும் கருத்து அட்டை வைத்திருந்தது. 'மாடித் தரையின் சத்தம் தாங்க முடியவில்லை. மனிதர் தங்கத் தகுந்ததல்ல' என்று எழுதி வாசலில் இருந்த கூடையில் போட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் என்னால் எழ முடியவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. கூப்பிடலாம் என்றால் குரல் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

"சார், இன்னைக்கு ஒரு அடிகூடக் கேக்கல. நான் உள்ள வர்றேன்."

தச்சர் ஓடிப்போய் மருத்துவரை அழைத்துவந்தார். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் சளி நெஞ்சில் இறங்கியிருக்கும் என்றார் மருத்துவர். ஒன்பது நாள் அங்கேயே கிடந்தேன். கஞ்சியும் மாத்திரையும் வெந்நீரும் வேளை தவறாமல் மேலே வந்தன. வீட்டம்மா நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, ஆறுதல் வார்த்தை ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போய்விடுவார். ஐந்தாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது கீழேயிருந்து சத்தம் வந்தது: "ரெண்டு அடி! போதும் சார், படுங்க!" நான் சட்டென்று யாரையும் பாராட்டுகிறவன் அல்ல. அந்தக் குரலுக்காக இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன்.

ஏழு மாதம் கழித்து மறுபடி போனேன். நான் இருந்தபோதே துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி அளவு நாடாவோடு வந்தார். மரியாதையானவர், ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டார்.

"தரையைப் பத்திப் புகார் வந்திருக்கும்மா. ஒரு அட்டையில ரொம்பக் கடுமையாவே எழுதியிருக்காங்க. மாசக் கடைசிக்குள்ள சரி பண்ணலைன்னா மாடி ரூம்களை வாடகைக்கு விட முடியாது."

கீழே இருந்தவை இரண்டு சின்ன அறைகள். அவற்றை மட்டும் வைத்து வீட்டை ஓட்ட முடியாது. வேறு வழியில்லை, தரையின் வாயை அடைத்தே ஆக வேண்டும்.

அதிகாரி போன பிறகு நான் சொன்னேன்: "அம்மா, அந்த அட்டை நான் எழுதினது."

"தெரியும் சார். திறந்த அட்டைதானே, படிச்சேன். நீங்க காய்ச்சல்ல கிடந்தப்ப நான்தான் தபால்ல போட்டேன்."

"படிச்சுட்டுமா போட்டீங்க? கிழிச்சுப் போட்டிருக்கலாமே!"

"எதுக்கு? சத்தம் போடுதுதானே? நீங்க ஒண்ணும் பொய் எழுதலையே."

தச்சர் ஒரு பலகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். "அண்ணி, அடியில கம்பளித் துணி வச்சுத் திருகாணி போட்டா அப்புறம் ஒரு வார்த்தை பேசாது. போட்டுடவா?"

"வேணாம்னு சொன்னா விட்டுடுவியா?"

"எப்படி விடுறது? வீட்டை மூடிட்டா அவிஞ்ச முட்டைக்கு நான் எங்க போவேன்?"

வீட்டம்மா சிரிக்கவில்லை. அடுப்பைத் துடைத்துக்கொண்டே, "காலையில சாப்பாடு போடுறது பெரிய வேலை இல்லடா. கேட்டுப் போட்டுடலாம். மேல ஒருத்தர் எந்திரிக்கலைன்னா இனிமே எனக்கு யாரு சொல்வா?" என்றார்.

தச்சர் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு மாடி ஏறினார்.

இரண்டு நாளில் மூன்று அறைகள் முடிந்தன. நான் என் அறைக்குள் நடந்து பார்த்தேன். பஞ்சின் மேல் நடப்பது போலிருந்தது. நான் ஆசைப்பட்ட அமைதி இதுதான். அதில் என்னால் ஒரு பக்கம்கூடப் படிக்க முடியவில்லை. அன்று முதல் வீட்டம்மா சாயங்காலமே சிலேட்டும் கையுமாக ஒவ்வொருவரிடமும் காலையில் எத்தனை மணிக்கு எழுவீர்கள் என்று கேட்கத் தொடங்கினார். "ஏழுன்னு சொல்லிட்டு எட்டரைக்கு வர்றாங்க," என்று அலுத்துக்கொண்டார். "பலகை ஒரு நாளும் என்னை இப்படி ஏமாத்தினதில்ல." ஏழரை தாண்டியும் வராதவர்களின் கதவை, மூச்சு வாங்க மாடி ஏறிப் போய்த் தட்டினார். சிலர் திட்டினார்கள். தட்டுவதை நிறுத்தவில்லை.

மிச்சம் இருந்தது கடலைப் பார்த்த மூலை அறை. வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். மூன்றாம் நாள் தச்சர் அங்கே முதல் பலகையில் கைவைத்தபோது வீட்டம்மா வாசற்படியில் வந்து நின்றார்.

"இதை விட்டுடு."

"இது ஒண்ணுதானே அண்ணி பாக்கி, அரை நாள் வேலை."

"விடுன்னா விடேன்."

மாசக் கடைசியில் வந்த அதிகாரிக்கும் விளங்கவில்லை. "இருக்கிறதிலேயே நல்ல ரூமாச்சேம்மா! இதை மட்டும் சரி பண்ணாம விட்டுட்டா எப்படி?"

"இது வாடகைக்கு இல்ல. வீட்டு ஆளுங்க ரூம்னு எழுதிக்குங்க."

அப்படியே எழுதிக்கொண்டார். அனுமதி கிடைத்தது, வீடு பிழைத்தது. அன்றைக்கே வீட்டம்மா சமையலறையை ஒட்டிய இருட்டு அறையிலிருந்து தன் கட்டிலையும் துணிமணியையும் எடுத்துக்கொண்டு மாடி மூலை அறைக்குக் குடிபோனார். இருபத்தாறு வருடத்தில் அந்த மாடியில் அவர் ஒரு ராத்திரிகூடப் படுத்ததில்லையாம்.

அடுத்த வருடம் நான் போனபோது, விடியற்காலையில் சமையலறையில் தச்சர் மட்டும் இருந்தார். தலைக்கு மேல் ஒரு பலகை முனகியது. "அண்ணி தொட்டிகிட்ட போயிட்டாங்க. ஒரு நாள் சத்தம் கேக்கலைன்னா நான் மேல ஓடிடுவேன்," என்று சொல்லி டீக்குத் தண்ணீர் வைத்தார். அந்த அறையை ஏன் எடுத்துக்கொண்டார் என்று கேட்டேன். "கடல் காத்துக்குன்னு நினைக்கிறேன் சார். வயசாகுதுல்ல?" என்றார். அவருக்கே அதில் நம்பிக்கை இருந்ததாகத் தெரியவில்லை.

கிளம்பும் நாளில் வீட்டம்மாவிடமே கேட்டேன். என் பெட்டியின் பூட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார்.