ஆண்டு விழாவில் நான் வாசித்த சபை வரலாறு

ஆரணியில் எங்கள் பிரஸ்பிட்டேரியன் சபை தொடங்கியது எங்கள் வீட்டுத் தறிக்கூடத்தில். ஞாயிறு காலை அம்மா தறியை நிறுத்திவிட்டுப் பாய் விரிப்பாள். முள்ளிப்பட்டிலிருந்து இரண்டு குடும்பங்கள் பஸ் பிடித்து வரும். யார் வந்தார்கள், என்ன நடந்தது என்றெல்லாம் அம்மா ஒரு நோட்டில் எழுதி வைப்பாள்.

தெருவில் புதிதாக வீடு கட்டி வந்த தலைமை ஆசிரியர் ஒருவர், ஒரு நாள் பாட்டின் நடுவே வாசலில் நின்று கத்தினார்.

“இன்னா பேஜாரு இது? தெனம் தறி சத்தம், லீவு நாள்ல பாட்டு சத்தமா? போலீசுக்குப் போவேன்!”

“உள்ள வந்து உக்காருங்க சார். தண்ணி குடிங்க,” என்றாள் அம்மா.

அவர் பிறப்பால் கிறிஸ்தவர், ஆலயத்துப் பக்கமே போகாதவர். உட்கார்ந்தார். அடுத்த வாரமும் வந்தார். ஊர் பெருத்தது, சபையும் பெருத்தது. ஆலயம் கட்டினோம், அவர் சபையை நிர்வகிக்கும் மூப்பரானார். வருபவர்களிடமெல்லாம் தானே சபையைத் தொடங்கியதாகச் சொன்னார். நான் கொதித்தேன்.

“வுடு. அவரு மொதல்ல வந்த கதைய யாருகிட்டயும் சொல்லாத,” என்று அம்மா என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள்.

சிறுநீரகம் கெட்டு, ஐந்து மாதம் படுத்துக் கிடந்து அம்மா இறந்தாள். உடலை ஆலயத்துக்குள் கொண்டுவர மூப்பரிடம் கேட்டேன்.

“அஞ்சு மாசமா ஆராதனைக்கே வரலியேம்மா. உறுப்பினர் பட்டியல்ல பேரு இல்ல. சட்டம்னு ஒண்ணு இருக்குதில்ல?”

ஆலய கேட்டுக்கு வெளியே, லாரிகள் போய்க்கொண்டிருந்த சாலையில் அம்மாவுக்கு ஜெபம் நடந்தது. அன்றிலிருந்து காத்திருந்தேன்.

இந்த வருஷம் ஆண்டு விழாவில் சபையின் ஆரம்ப வரலாற்றை வாசிக்கும்படி போதகர் என்னிடம் சொன்னார். மூப்பர் பட்டு வேட்டியோடு, பேரப்பிள்ளைகள் சூழ முன்வரிசையில் இருந்தார். அம்மாவின் நோட்டைப் பிரித்து, அவர் வாசலில் நின்று கத்திய நாளைப் பற்றி அவள் எழுதியிருந்ததை அப்படியே வாசித்தேன். அவர் பெயரையும் போலீஸ் என்ற சொல்லையும் நிறுத்தி நிறுத்தி, நிதானமாக. பிறகு அம்மாவின் ஜெபம் எங்கே நடந்தது என்பதையும் சொன்னேன். அவருடைய பேத்தி தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். எனக்குள் அப்படி ஒரு சந்தோஷம்.

வெளியே வந்ததும் மூப்பர் என்னிடம் வந்தார்.

“உங்கம்மா இருந்தா இத வாசிக்க வுட்டிருக்க மாட்டாங்க.”

“ஆமாங்க. அவங்க நல்லவங்க,” என்றேன்.

வாக்கை மீறியது அம்மாவை நினைத்தால் உறுத்துகிறது. அவரை நினைத்தால் இல்லை. மூன்று ஞாயிறாக அவர் ஆலயத்துக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வரச் சொல்கிறார் போதகர். நான் போகப்போவதில்லை.