முதல்ல என்னை எடுங்கோ

ரூஜ் என்ற புறநகரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மண்டபத்தில் நடந்த படக் கண்காட்சிக்கு அம்மாவைக் கூட்டிப்போனபோதுதான் அந்தப் பெண்மணியைச் சந்தித்தேன். ஐம்பது வயதிருக்கும். ஒட்ட வெட்டிய நரைமுடி, கழுத்தில் பழைய பிலிம் கமெரா. ஸ்கொட்லாந்துத் தீவொன்றில் தாதியாக வேலை செய்தபோது அந்தக் கிராமத்தவர்களை எடுத்த படங்கள் சுவரில் இருந்தன. ஆட்டுக்குட்டிக்குப் போத்தலில் பால் கொடுக்கும் கிழவர், காற்றோடு மல்லுக்கட்டித் துணி காயப்போடும் பெண். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இந்தப் பெண்மணியின் படமும், கோணலாக, சிலவற்றில் தலையே இல்லாமல்.

“உங்களையும் ஒரு படம் எடுக்கட்டோ அன்ரி?” என்று அம்மாவிடம் கேட்டார்.

பக்கவாதத்தில் வாய் கோணிய பிறகு அம்மா படத்துக்கு நிற்பதேயில்லை. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

அந்தப் பெண்மணி கமெராவைக் கழற்றி அம்மாவின் மடியில் வைத்தார். “அப்ப முதல்ல நீங்கள் என்னை எடுங்கோ.”

“எனக்கு உது தெரியாது பிள்ளை.”

“அந்த ஊர் ஆக்களுக்கும் தெரியாது அன்ரி. கடைக்கார மனுசி ஒருத்திதான் கேட்டவ, ‘நீ எங்களைப் பாக்கிறாய், உன்னை ஆர் பாக்கிறது?’ எண்டு. அதுக்குப் பிறகு எல்லாரிட்டயும் முதல்ல கமெராவைக் குடுத்திடுவன்.”

அம்மா நல்ல கையால் கமெராவைத் தூக்கினார். நான் கீழே தாங்கிப் பிடித்தேன். “சிரி பிள்ளை!” என்று அதட்டிவிட்டுப் பொத்தானை அமத்தினார். பிறகு தலைப்பைத் தானே விலக்கி, “இப்ப நீ எடு” என்றார்.

சில வாரங்களில் இரண்டு படங்களும் தபாலில் வந்தன. தன் படத்தை அம்மா வெகுநேரம் பார்த்து, “பரவாயில்லை” என்று என்னிடம் தந்தார். மற்றதில் மண்டபத்துக் கூரையும் அந்தப் பெண்மணியின் பாதிச் சிரிப்பும்தான் விழுந்திருந்தன. அதைத்தான் கட்டிலருகே வைத்திருக்கிறார்.

வீட்டுக்கு வருபவர்கள், “ஆர் உது, சொந்தமோ?” என்று கேட்பார்கள்.

“ஓம்” என்பார் அம்மா. நானும் திருத்துவதில்லை.