சோப்புக் காய்ச்ச வேண்டிய நடுவர்

நடுவர் ஜிவிலே எனக்கு இழைத்த அநீதியை முதலில் பதிவுசெய்துவிட்டுத்தான் அவரைப் பற்றிய நல்லவற்றைச் சொல்ல இயலும். நடந்த வரிசை அதுதான்.

எங்கள் ஊரான பெர்ஷினேயின் பள்ளி விளையாட்டுக் கூடத்தில் ஒரு வசந்தகாலக் கூடைப்பந்து இறுதியாட்டம். கடைசி நொடிகளில், பால்பண்ணை அணிக்காக நான் பந்தோடு கூடையை நோக்கிப் பாய்ந்தேன். மர ஆலை அணியின் தடுப்பாளன் குறுக்கே வந்து மல்லாந்தான். பந்து கூடைக்குள் இறங்கியது; விசிலும் ஒலித்தது. நின்றுகொண்டிருந்தவன் மேல் நான் மோதினேன் என்பது ஜிவிலேயின் தீர்ப்பு. அவன் நிற்கவில்லை, நகர்ந்துகொண்டிருந்தான் என்பது என் தரப்பு. என் கூடை செல்லாது என்றானது. கோப்பை மர ஆலைக்குப் போனது.

அதுவரை நான் விதிநூலைத் தொட்டவனல்லன். அதற்குப் பிறகு யாருடைய உதவியும் இன்றி அதை முழுவதுமாகக் கற்றேன். ஆடுவதை நிறுத்தி அணியின் செயலாளரானதும், மாவட்டச் சங்கத்துக்கு முறையாக ஆட்சேபணைகளை அனுப்பத் தொடங்கினேன். அவற்றின் நகல்கள் என்னிடம் உள்ளன. சங்கத்தின் பதில்களும் உள்ளன. அவை மிகச் சிறியவை.

ஜிவிலே எங்கள் ஊர்ச் சலவை நிலையத்தில் வேலை செய்பவர். எல்லா அணிகளின் சட்டைகளும் அங்கேதான் வெளுக்கப்படும். அந்த இறுதியாட்டத்துக்கு முன்பே ஒரு பனிக்காலச் சனிக்கிழமை, துவைத்த சட்டை மூட்டையைக் கொடுப்பதற்காகக் கூடத்துக்கு வந்தார். வரவேண்டிய நடுவரின் கார் பனியில் புதைந்துவிட்டது என்று செய்தி வந்தது. பள்ளியில் ஆடியவர்தானே என்று யாரோ அவர் கையில் விசிலைத் திணித்தார்கள். அன்று அவர் ஊதிய முதல் ஃபவுல் தன் சொந்தத் தம்பியின் மேல். அவன் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. விசிலை அவர் திருப்பித் தரவும் இல்லை.

சனிக்கிழமை அவரால் வெளியேற்றப்பட்டவன், திங்கட்கிழமை தன் சட்டைக்காக அவர் முன்னால்தான் வந்து நிற்க வேண்டும். எனவே எங்கள் ஊரின் மேல்முறையீட்டு மன்றம் சலவை நிலையத்திலேயே கூடியது.

"என்னோட நாலாவது ஃபவுல் எதுக்குக்கா?"

"கையில அடிச்ச."

"பந்தத்தான் தொட்டேன்."

"பந்துக்கு முழங்கை கெடையாது தம்பி. இந்தா சட்டை. பீட்ரூட் கறை போகல, அதுக்கும் எம்மேல வழக்குப் போடு."

தீர்ப்பு பிடிக்காதபோது 'நடுவரைச் சோப்புக் காய்ச்சு', அதாவது அவரை உருக்கிச் சோப்பாக்கு, என்று கத்துவது எங்கள் பக்கத்தில் கூடைகளைப் போலவே பழமையானது. சலவைக்காரப் பெண்மணியைப் பார்த்துக் கத்தும்போது அதற்குத் தனிச்சுவை கூடியது. ஜிவிலேயும் அதை ரசித்தார். "என்னக் காய்ச்சுனா ஒரு கட்டிகூடத் தேறாது. எங்கிட்டயே மூட்டை மூட்டையா கெடக்கு, வேணும்னா வாங்கிட்டுப் போங்க" என்பார்.

அவருக்கு ஓர் ஆசை இருந்தது. தேசிய லீகில் விசில் ஊத வேண்டும். ஒருமுறை மாவட்டத்திலிருந்து மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, 'அரங்கம் நடுவரின் கட்டுப்பாட்டில் இல்லை' என்று எழுதி அவரை நிராகரித்தார். அந்த அறிக்கையின் நகலும் என்னிடம் இருக்கிறது. சென்ற ஆண்டு மறுபடியும் அழைப்பு வந்தது. வயது வரம்பின்படி அதுவே அவருக்குக் கடைசி வாய்ப்பு. பால்பண்ணைக்கும் மர ஆலைக்கும் இடையிலான இறுதியாட்டத்தில் அவர் ஊதுவதைப் பார்க்கத் திரு. கிர்ணியுஸ் என்ற வேறொரு மதிப்பீட்டாளர் வருவதாகத் தகவல்.

ஊரின் மிகப் பெரிய தொண்டைக்கு உரியவர் பள்ளிச் சமையற்காரர் யாத்விகா. அவர்தான் சமையலறையில் எங்களைக் கூட்டினார்.

"போன தடவ நாம கத்திக் கத்தியே அவ பொழப்பக் கெடுத்தோம். இந்தத் தடவ ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. எவால்தாஸ், முக்கியமா நீ."

"விதிமீறல் நடந்தா?" என்றேன்.

"நடக்கட்டும். ரொட்டி தர்றேன், மென்னுக்கிட்டு இரு."

ஆட்ட நாளன்று கூடம் நிரம்பி வழிந்தது. பூண்டு தேய்த்து வறுத்த கருப்பு ரொட்டி கைக்குக் கை போனது. நான் எழுந்து நின்று, "வாங்க நடுவரே, நல்லா இருக்கீங்களா?" என்றேன்.

ஜிவிலே என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கே சோப்பு போடுறீங்களா எவால்தாஸ்? ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

ஆட்டம் தொடங்கியது. முதல் ஃபவுலுக்கு விசில் ஒலித்தபோது நூற்றுக்கணக்கான தாடைகள் ஒரே நேரத்தில் ரொட்டியைக் கடித்தன. வேறு சத்தமே இல்லை. அடுத்த ஃபவுல் வெளிப்படையாகவே தவறான தீர்ப்பு. யாரோ பின்வரிசையிலிருந்து, "சரியான முடிவுங்க" என்றார். மர ஆலை அணியின் முரடன் ஒருவன் தன் மேல் ஊதப்பட்ட ஃபவுலுக்கு நன்றி சொன்னான். ஜிவிலே, இருக்கும் என்று நம்பிக் காலை வைத்த படி அங்கே இல்லாதவரைப் போலத் தடுமாறினார். விசில் சில சமயம் முந்தியது, சில சமயம் பிந்தியது. அடிக்கொருதரம் பார்வையாளர் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

இடைவேளையில் திரு. கிர்ணியுஸ் இரு அணிகளின் செயலாளர்களையும் நடைவழிக்கு அழைத்தார்.

"இந்த ஆட்டத்த யாரு பேசி முடிச்சது?"

எங்களுக்கு விளங்கவில்லை.

"எத்தனையோ வருஷமா அரங்கம் அரங்கமா ஒக்காந்திருக்கேன். நடுவரத் திட்டாத கூட்டத்த ஒரே ஒரு தடவதான் பாத்தேன். அன்னைக்கு ரெண்டு அணியும் ஆட்டத்த வித்திருந்தாங்க. இதையும் அப்படித்தான் எழுதப்போறேன். அந்தம்மா இனிமே மாவட்டத்துலகூட ஊத முடியாது."

"அதெல்லாம் இல்லீங்க ஐயா. எங்க ஊர்க்காரங்க சுபாவத்துலயே அமைதியானவங்க" என்றேன்.

"பால்பண்ணைச் செயலாளர் நீங்கதானே? உங்க ஆட்சேபணையெல்லாம் ஒக்காந்து படிக்கிறவனே நான்தான். நீங்க அமைதியானவர்னு நான் நம்பணுமா?"

அந்தச் சிறிய பதில்களை எழுதியவரை அன்றுதான் நேரில் பார்த்தேன். அதைப் பற்றிப் பேச நேரம் இல்லை. யாத்விகாவிடம் ஓடினேன்.

"கத்தணுமாம்."

"யாரு?"

"எல்லாரும். கத்தலைன்னா ஆட்டத்த வித்துட்டோம்னு எழுதிடுவார். ஜிவிலேயோட விசிலுக்கு இன்னையோட முடிவு."

யாத்விகா வாயிலிருந்த ரொட்டியை விழுங்கினார். "இதச் சொல்லத்தான்யா ஒன்ன மாதிரி ஆளு வேணும். தொண்டை புண்ணாப் போச்சு, அடக்கி அடக்கி."

இரண்டாம் பாதியின் முதல் விசிலுக்கு எழுந்த முழக்கத்தில், கூரை விளிம்பில் எஞ்சியிருந்த பனி சரிந்து விழுந்தது. பாதி ஆட்டத்துக்கான பாக்கியும் அதில் சேர்ந்திருந்தது. "சோப்புக் காய்ச்சு" என்று யாத்விகா தொடங்க, கூடம் முழுவதும் தொடர்ந்தது. மர ஆலையின் முரடன் இரு கைகளையும் விரித்துத் தன்னைப் பெற்றவளையே சாட்சிக்கு அழைத்தான். ஜிவிலேயின் முகத்தில் ரத்தம் திரும்பியது. அதன்பின் அவர் விசில் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. இதை எதிர்த்தரப்பில் இருந்துகொண்டே ஒப்புக்கொள்கிறேன்.

முடிய ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கும்போது புள்ளிகள் சமம். எங்கள் டோமாஸ் பந்தோடு பாய்ந்தான். அதே கூடை, அதே பக்கம். மர ஆலைத் தடுப்பாளன் குறுக்கே வந்து மல்லாந்தான். பந்து உள்ளே இறங்கியது. விசில். ஜிவிலேயின் கை டோமாஸைச் சுட்டியது. கூடை செல்லாது.

நான் எழுந்தேன். கையில் விதிநூல் இருந்தது. என் கால்கள் எல்லைக்கோட்டைத் தாண்டியிருந்தன என்பதை மறுக்கவில்லை.

"அவன் நகந்துகிட்டிருந்தான். அன்னைக்கும் நகந்தாங்க, இன்னைக்கும் நகர்றாங்க."

"எவால்தாஸ், ஒக்காருங்க."

"முப்பத்து மூணாவது விதி என்ன சொல்லுதுன்னா..."

"அது எனக்கும் தெரியும். ஒக்காருங்க."

"ஒக்கார மாட்டேன்."

அவர் ஒரு கையை நிமிர்த்தி மறு உள்ளங்கையை அதன்மேல் குறுக்காக வைத்தார். டெக்னிக்கல் ஃபவுல், அதாவது என் நடத்தைக்கான தண்டனை. மர ஆலைக்கு யாரும் மறிக்காத ஒரு ஃப்ரீ த்ரோ கிடைத்தது, அதைப் போட்டார்கள். அந்த ஒரு புள்ளியில் தோற்றோம்.

மதிப்பீட்டாளரின் ஐயத்தைப் போக்கவே நான் அப்படி நடித்தேன் என்றும், கோப்பையை ஜிவிலேக்காகத் தியாகம் செய்தேன் என்றும் ஊரில் ஒரு பேச்சு உண்டு. யாத்விகா இதற்காக எனக்கு ஒரு கேக் செய்து கொடுத்தார். கேக்கை ஏற்றுக்கொண்டேன், பேச்சை இங்கே எழுத்துமூலம் மறுக்கிறேன். அவன் நகர்ந்துகொண்டிருந்தான்.

திரு. கிர்ணியுஸின் அறிக்கையில், 'கடும் எதிர்ப்பையும், குறிப்பாக ஒரு செயலாளரின் நடத்தையையும் நடுவர் கலங்காமல் கையாண்டார்' என்று இருக்கிறது. ஜிவிலே தேசிய லீகுக்குத் தேர்வானார். டோமாஸ் மீதான தீர்ப்பை எதிர்த்து நான் அனுப்பிய ஆட்சேபணை நிராகரிக்கப்பட்டது. திரு. கிர்ணியுஸின் வழக்கமான பதில்தான்; கீழே மட்டும் பேனாவால், 'கேக் எப்படி?' என்று எழுதியிருந்தது. எங்கள் ஊரில் எதுவும் மறைவாக இருப்பதில்லை.

இலையுதிர் காலத்தில், ஜிவிலேயின் முதல் ஆட்டத்துக்காகப் பேருந்து பிடித்து கௌனாஸ் நகரத்துக்குப் போனோம். பால்பண்ணையும் மர ஆலையும் ஒரே வண்டியில் போனது அதுவே முதல்முறை. நகரத்துக் கூட்டம் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. நடுவில், புதுச் சீருடையில், சற்றே வெளிறிய முகத்தோடு ஜிவிலே. முதல் விசில் ஒலித்தது. எந்த அணிக்கு எதிராக என்றுகூட நாங்கள் பார்க்கவில்லை. எங்கள் வரிசை முழுவதும் எழுந்தது.

"சோப்புக் காய்ச்சு."

நகரத்தார் திரும்பிப் பார்த்தார்கள். ஜிவிலேயும் பார்த்தார். அவ்வளவு தூரத்திலும் அவர் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. பிறகு எங்கள் திசையில் கையை நீட்டி, உள்ளங்கையால் மெல்லக் கீழே அமர்த்திக் காட்டினார். அது எனக்கு மட்டுமான சைகை.

நான் உட்காரவில்லை.