ஊட்டாத கை

மகளின் வலது முழங்கை உடைந்து இரண்டு குளிர்காலங்கள் கடந்துவிட்டன. அஜக்ஸ் நகரில் ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போய்விட்டு 401 நெடுஞ்சாலையில் திரும்பி வரும்போது, அவள் ஓட்டிவந்த கார் பனியில் வழுக்கிச் சாலையின் நடுச்சுவரில் மோதியது. உயிருக்கு ஒன்றுமில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் விசாரித்தவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன். ஆனால் இன்றைக்கும் அவள் வெளியே போயிருக்கும் நேரத்தில் தொலைபேசி அடித்தால், உள்ளங்கையை உடுப்பில் துடைத்துக்கொண்டுதான் எடுக்கிறேன்.

கையில் பிளாஸ்ரர் கட்டுப் போட்டிருந்தபோது நான் அவளுக்குத் தலை இழுத்து வாரிவிட்டேன், பொத்தான் பூட்டினேன், சோறு குழைத்து ஊட்டினேன். பிளாஸ்ரரை வெட்டி எடுத்த பிறகும் நிறுத்தவில்லை. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. சிகிச்சை நிலையத்தில் அவளைப் பழக்கிய உதவியாளர், உடுப்புக் காயப்போடும் கிளிப்புகளை ஒரு கம்பியில் ஒவ்வொன்றாகப் பூட்டச் சொன்னார். ஒரு கிளிப் கீழே விழுந்தது. நான் குனிந்து எடுத்து, மகளின் விரல்களுக்குள் வைத்து, என் விரலால் அழுத்திப் பூட்டியும் விட்டேன். அந்தப் பெண் சிரித்த முகம் மாறாமல், வெளியே போய் ஒரு கோப்பி குடித்துவிட்டு வரும்படி என்னிடம் சொன்னார். நான் கோப்பி குடிக்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். நான் இல்லாத அறையில் மகள் மிச்சக் கிளிப்புகள் எல்லாவற்றையும் தானே பூட்டினாள்.

அவருடைய வேலைக்கு என்ன பெயர் என்று அன்றுதான் விசாரித்தேன். தொழில்வழிச் சிகிச்சை உதவியாளர். உடுப்பது, குளிப்பது, சமைப்பது, சாப்பிடுவது என்று, நோயினாலோ விபத்தினாலோ கைவிட்டுப்போன அன்றாடக் காரியங்களை ஒருவர் மறுபடி தானாகச் செய்யப் பழக்குகிற வேலை. நான் ஊரில் பட்டம் பெற்று, இங்கே ஒரு காப்புறுதி அலுவலகத்தில் பல வருடங்கள் கணினியில் விவரங்கள் பதிந்துகொண்டிருந்தவள். அங்கே ஆட்களைக் குறைத்தபோது, சமூகக் கல்லூரியில் இந்தப் படிப்புக்கு விண்ணப்பித்தேன்.

"அம்மா, யூ? சீரியஸ்லி?" என்றாள் மகள். "உங்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாதே. உந்த வேலையில பாதி சும்மா இருக்கிறதுதான்."

அவள் சொன்னது சரி. உடற்கூற்றுப் பாடத்தில் எனக்கு நல்ல புள்ளிகள் வந்தன. சக்கர நாற்காலிக்கு முதலில் பிரேக் போட மறந்ததில்லை. ஒரு கையைத் துணியால் கட்டிக்கொண்டு மறு கையால் சட்டை போடும் பயிற்சியில், என் பிள்ளைகள் வயதில் இருந்த சக மாணவர்களை முந்தினேன். ஆனால் நோயாளியால் எந்தப் படி முடியவில்லையோ அந்தப் படிக்கு மட்டும்தான் கை கொடுக்க வேண்டும், அதற்கு முன் காத்திருக்க வேண்டும். காத்திருப்பதற்கும் அங்கே புள்ளி உண்டு. எனக்கு அதில்தான் எப்போதும் குறையும்.

கடைசிப் பயிற்சிக் காலத்துக்கு ஸ்காபரோவில் ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே பாரிசவாதம் வந்து வலது கை பலம் இழந்த ஒருவர் இருந்தார். மட்டக்களப்பைச் சேர்ந்தவர். பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவர். என்னைவிடச் சில வயதுதான் கூட. அவரை இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிடப் பழக்குவது என்று திட்டம் போட்டிருந்தார்கள். தட்டு தினமும் அப்படியே திரும்பிப் போனது.

"ஏன் அண்ணை சாப்பிடேல்ல?" என்று கேட்டேன்.

பேச்சு அவருக்குக் கொஞ்சம் இழுத்துத்தான் வந்தது. "இடக்கையாலயா தங்கச்சி? சின்ன வயசில அதுக்கு அடி வாங்கின ஆள் நான்."

"கரண்டியாலதானே அண்ணை."

"கரண்டி, மருந்து குடிக்க."

இதை என் மேற்பார்வையாளரான சிகிச்சையாளரிடம் சொன்னேன். அவருக்கு அது நல்ல செய்தியாக இருந்தது. சோற்றைக் குழைத்துத் திரட்டி எடுப்பதைவிட விரல்களுக்கு நல்ல பயிற்சி ஏது, வலது கையாலேயே தொடங்குவோம் என்றார். விழுங்குவதில் சிக்கல் இல்லை என்று ஏற்கனவே பார்த்திருந்தார்கள். அடுத்த நாள் அந்த அண்ணையின் மனைவி சோறும் பருப்பும் மீன்குழம்பும் கொண்டுவந்தார்.

அண்ணை வலது கையைத் தட்டில் வைத்தார். விரல்கள் சுருண்டபடி சோற்றைத் தள்ளின, பிடிக்கவில்லை. பாதிச் சோறு மடியில் கொட்டியது. அவருடைய முகம் சிறுத்துப்போனது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அடுத்த கணம் நீலக் கையுறை போட்ட என் கை தட்டுக்குள் இருந்தது. குழைத்து, திரட்டி, அவர் வாய்க்குக் கொண்டுபோனேன். அவரும் நான் ஊட்டியதை விருந்துக்கு வந்தவர்போல மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

"நீலக் கையால தீத்துறீங்க தங்கச்சி," என்றார் மென்றுகொண்டே. "ஊருக்குச் சொன்னா ஆரும் நம்பமாட்டாங்க."

மனைவி சிரித்தார். நானும் சிரித்தேன். திரும்பினால் மேற்பார்வையாளர் வாசலில் நின்றார்.

"அவர் மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டார், சந்தோஷம்," என்றார் பிறகு தனியாக. "ஆனால் பயிற்சி யாருடைய கைக்கு நடந்தது?" கோபமில்லாமல்தான் சொன்னார். நோயாளி செய்ய வேண்டியதை நான் செய்துகொண்டிருந்தால் என்னைச் சித்தியடைய வைக்க முடியாது என்பதையும் அதே குரலில் சொன்னார். அடுத்த வாரம் அருகில் இருந்து பார்ப்பாராம். அதிலும் தவறினால் இந்தப் பயிற்சிக் காலத்தை நான் மறுபடி தொடங்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது மகள் என் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன, ஃபெயிலோ?"

"இன்னும் இல்லை."

"ஆருக்குத் தீத்தினீங்கள்?"

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அம்மா. ப்ளீஸ்."

அவளுக்கு விட்பியில் ஒரு வேலை கிடைத்திருந்தது. பஸ்ஸிலும் ரயிலிலும் போய் வந்து களைத்தாள். கை தேறிவிட்டது, கார் ஓட்டலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தும் மாதங்கள் ஆகியிருந்தன. ஆனால் காரின் சாவிகள் இரண்டில், அவளுடைய திறப்பைக் காணவில்லை. அதைச் சாமித்தட்டில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்தவள் நான்தான்.

அடுத்த வாரத்துக்கு நான் ஆயத்தம் செய்தேன். சோற்றைக் கொஞ்சம் குழைய விட்டு வடிக்கும்படி அந்த மனைவியிடம் கேட்டேன். விளிம்பு உயர்ந்த தட்டு எடுத்து, அதன் கீழே வழுக்காத விரிப்புப் போட்டேன். அவருடைய முழங்கை மேசையில் ஊன்றும்படி நாற்காலியைச் சரிசெய்து, பிரேக் போட்டேன். என் வேலை அத்துடன் முடிந்தது. மேற்பார்வையாளர் மூலையில் அமர்ந்தார். நான் கைகளை மடியில் கோத்துக்கொண்டேன்.

அண்ணை எடுத்த முதல் பிடி விளிம்பில் உதிர்ந்தது. அடுத்தது மேசையில் விழுந்தது. அவர் நெற்றியில் வியர்வை பூத்தது. என் கைகள் தாமாகப் பிரிந்ததை அவர் கண்டுவிட்டார்.

"இருங்க தங்கச்சி. சோறு எங்கயும் ஓடாது."

இருந்தேன். அவர் விரல்களைத் தட்டின் விளிம்போடு அழுத்தி, சோற்றை அதில் சாய்த்துத் திரட்டினார். அது உருண்டையும் அல்ல, கவளமும் அல்ல. ஆனால் விரல்களுக்குள் நின்றது. கை நடுங்கியபடி மேலே வந்தது. பாதி மீசையில் ஒட்டியது, பாதி வாய்க்குள் போனது.

"ஐயோ, வாயெல்லாம்..." என்று மனைவி சேலைத் தலைப்போடு எழுந்தார். அவருடைய கை எப்படி நீளும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். எட்டி அதைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, துடைக்கிறதும் அவர்தான்."

மனைவி என்னைக் கோபமாகப் பார்த்தார். பிறகு அமர்ந்தார். பிடித்த கையை நான் விடவில்லை, அவரும் இழுக்கவில்லை. அண்ணை மெதுவாக மென்று முடித்து, புறங்கையால் மீசையைத் துடைத்து, "குழம்புக்கு உப்புக் காணாது" என்றார். பாரிசவாதம் வந்ததற்குப் பிறகு அவர் சமையலில் பிழை பிடித்தது அதுதான் முதல் தடவை என்று சொல்லி மனைவி அழுதார்.

"அவர் சாப்பிடும்வரை உங்கள் கை மடியில் இருந்தது," என்றார் மேற்பார்வையாளர் வெளியே வந்ததும். "கால்தான் முழுநேரமும் ஆடியது. அதற்கு நான் புள்ளி குறைப்பதில்லை."

பயிற்சியில் சித்தியடைந்தேன். அடுத்த நாள் காலையில் நான் சாமித்தட்டுக்குப் போய்த் திறப்பை எடுத்து, வாசல் கொளுக்கியில் மாட்டினேன். மகள் சப்பாத்துப் போட வந்தவள் அதைக் கண்டாள்.

"பிள்ளையார் விட்டிட்டாரோ?"

"தெரிஞ்சும் ஏன் எடுக்கேல்ல?"

"நீங்கள் தருவீங்கள் எண்டுதான்."

அவள் திறப்போடு போன பிறகு கதவைச் சாத்தினேன். தொலைபேசி அடித்தது. அவளுடைய எண். உள்ளங்கையைத் துடைத்தேனா என்றுகூட நினைவில்லை.

"அம்மா, ஜன்னல் சீலை ஆடுது. நான் இன்னும் ரிவேர்ஸ்கூட எடுக்கேல்ல."

"ஓம், ஓம்," என்றேன்.

ஜன்னலை விட்டு விலகி வந்து சோபாவில் இருந்தேன். கார் பின்னால் நகர்ந்து தெருவில் இறங்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் முதலாவது திருப்பத்தில் மறையும்வரை கைகளை மடியிலேயே வைத்திருந்தேன். கால் ஆடிக்கொண்டிருந்தது.